ஊது உலையை ராணிக்காக நிறுத்த முடியாது

மேற்கு வங்கத்தில் பிரிட்டன் உதவியோடு கட்டிய துர்காபூர் உருக்காலைக்கு 1961-இல் எலிசபெத் ராணி வந்ததையும், அதற்காகப் பெயின்ட் அடித்தவர்களையும் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். 'அன்று ஆலையை நிறுத்திவிட்டார்களா?' என்று அதன் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். சூடான காற்றை ஊதி இரும்புத் தாதை உருக்கும் ஊது உலையை அப்படி நிறுத்த முடியாது. மேலே தாது, கோக் (சுட்டெடுத்த நிலக்கரி), சுண்ணாம்புக்கல் விழுந்துகொண்டே இருக்கும். கீழே சில மணி நேரத்துக்கு ஒருமுறை துளையைத் திறந்து, சுமார் 1,500 டிகிரி சூட்டில் இருக்கும் இரும்புக் குழம்பை வடித்தாக வேண்டும். தாமதித்தால் குழம்பும் கசடும் ஏறி, காற்று ஊதும் குழாய்முனைகளையே அடைத்துவிடும்.

விருந்தினர் வரும் நாளில் தூசி அடங்கட்டும் என்று, குழம்பு ஓடும் மணல் வாய்க்கால் பக்கம் தண்ணீர் தெளிப்பதுதான் பெரிய ஆபத்து. ஈர மணலில் குழம்பு பட்டால் நீராவி வெடித்து நெருப்பு சிதறும். பெயின்ட் அடித்தவர்களை நினைவுகூர்வது சரிதான்; வாய்க்காலைக் காயவைத்துக் காத்தவர்களையும் ஒரு வரியாவது எழுதுங்கள்.