படிக்காத அத்தியாயத்துக்கு ஆறு குறிப்பு

போன வாரம் ஒரு ராத்திரி, மணி பத்தரை இருக்கும். பத்தாம் வகுப்பில் இருக்கும் மகள் மேசையில் உட்கார்ந்து ஒரு நாவலின் பக்கங்களில் மஞ்சள் ஒட்டுச்சீட்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தாள். கையில் இரண்டு பேனா. சில சீட்டுகளில் நீலம், சிலவற்றில் கறுப்பு. எதற்கு இரண்டு என்று கேட்டேன்.

"ஒரே பேனான்னா ஒரே நாள்ல உட்கார்ந்து எழுதினதுன்னு மிஸ்ஸுக்குத் தெரிஞ்சிடும்ப்பா."

எட்டிப் பார்த்தேன். 'இங்கே இருள் பயத்தின் குறியீடு' என்று ஒரு சீட்டு சொன்னது. இந்தப் பக்கத்தைப் படிச்சியா என்றேன். "இல்லப்பா, இருட்டுங்கிற வார்த்தை கண்ணுல பட்டுது. அத்தியாயத்துக்கு ஆறு குறிப்பு வேணும். முதல்ல அதை முடிச்சுடறேன், அப்புறம் படிக்கலாம்." அப்புறம் படிக்கப் போவதில்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட எனக்கு யோக்கியதையும் இல்லை. நான் பள்ளியில் படித்தபோது கடைசிக் காட்சியை மட்டும் புரட்டிப் பார்த்த ஒரு நாடகத்தைப் பற்றி நான்கு பக்கக் கட்டுரை எழுதி, வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கியவன். மீதி எல்லாம் சுருக்கப் புத்தகத்தின் தயவு. இதில் என் தலைமுறைக்கும் பெருமை கிடையாது. அமெரிக்காவில் க்ளிஃப்ஸ்நோட்ஸ் என்ற சுருக்க வரிசை ஷேக்ஸ்பியரின் 16 நாடகங்களோடு தொடங்கியது 1958இல். பிள்ளைகள் படிக்காமல் தப்பிப்பதற்கு இணையமும் சாட்பாட்டும்தான் காரணம் என்று புலம்புகிறவர்கள் இந்த வருடத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஆங்கில இலக்கிய வகுப்பில் வேலைகளை இடம் மாற்றி வைத்திருக்கிறோம். இந்தப் பாடத்தில் ஆகக் கடினமான வேலை வாசிப்பு. பழைய நடை, தெரியாத சொற்கள், அரைப் பக்கத்துக்கு நீளும் வாக்கியம். அதை வீட்டுப்பாடம் என்று சொல்லிப் பிள்ளையிடம் தனியாகத் தள்ளிவிடுகிறோம். அதைவிடச் சுலபமான வேலை, படித்ததைப் பற்றிப் பேசுவது. அதைத்தான் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும் வகுப்பு நேரத்தில் செய்கிறோம். நீச்சல் கற்றுத் தருகிறவர் குளத்தில் இறங்குவதை வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிட்டு, வகுப்பில் தண்ணீரைப் பற்றி விவாதம் நடத்துவது மாதிரி.

மகள் கையில் இருந்தது டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'. நான்கு வாரத்தில் முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன் (எனக்கு இந்தப் பழக்கம் உண்டு, வீட்டில் யாருக்கும் பிடிக்காது). நாவல் ஏறத்தாழ 1,85,000 சொற்கள். பள்ளி நாட்கள் இருபது. அப்படியானால் ஒரு ராத்திரிக்கு ஒன்பதாயிரம் சொற்களுக்கு மேல். பெரியவர்கள் கதையை மௌனமாக வாசிக்கும் வேகம் சராசரியாக நிமிடத்துக்கு 260 சொற்கள் என்று, 190 ஆய்வுகளைத் தொகுத்து மார்க் பிரிஸ்பார்ட் என்ற உளவியலாளர் 2019இல் கணக்கிட்டார். அந்த வேகத்திலேயே தினம் 35 நிமிடம் ஆகும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில், அது ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஆறு குறிப்பு, அத்தியாயக் கேள்விகள். அப்புறம் கணிதம், இயற்பியல், இன்னும் மூன்று பாடம். அமெரிக்கப் பள்ளிகளில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு விதி உண்டு: எத்தனையாவது வகுப்போ, தினம் அத்தனை பத்து நிமிட வீட்டுப்பாடம். பத்தாம் வகுப்புக்கு 100 நிமிடம், எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து. ஒரு நாவலே அதில் பாதிக்கு மேல் விழுங்கிவிடுகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், டிக்கன்ஸ் இந்தக் கதையை இப்படி விழுங்குவதற்காக எழுதவே இல்லை. 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை வாரப் பத்திரிகையில் 36 வாரம் வந்த தொடர்கதை. வாரத்துக்கு ஒன்றிரண்டு அத்தியாயம், அவ்வளவுதான். அந்தக் காலத்துக் குடும்பங்களில் ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பதும் வழக்கம். தொடர்கதைக்காக வாரம் முழுக்கக் காத்திருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். பேனாக்களை மூடச் சொல்லிவிட்டு முதல் அத்தியாயத்தை நானே சத்தமாக வாசித்தேன். இடுகாட்டில் தனியாக நிற்கும் சிறுவன் பிப்பைத் தப்பியோடிய கைதி ஒருவன் பிடிக்கிறான். பையில் என்ன இருக்கிறது என்று பார்க்க அவனைத் தலைகீழாகத் தூக்கி உதறுகிறான். ஒரு ரொட்டித் துண்டு மட்டும் விழுகிறது. அந்த இடத்தில் பிப் சொல்கிறான், தேவாலயம் குட்டிக்கரணம் போட்டது, அதன் கோபுரத்தைத் தன் காலுக்குக் கீழே பார்த்தேன் என்று. மகள் நிறுத்தினாள். "கோபுரம் எப்படிக் காலுக்குக் கீழ வரும்?" நான் பதில் சொல்லவில்லை. மூன்று நொடி இருக்கும். "ஓ! தலைகீழா தொங்கறது இவன்! சர்ச் சுத்தின மாதிரி சொல்றான்!" என்று சிரித்தாள். அப்புறம் கைதி மிரட்டும் இடம். அரமும் சாப்பாடும் கொண்டு வராவிட்டால் உன் ஈரலைப் பிடுங்கிச் சுட்டுத் தின்ன ஆள் இருக்கிறான் என்கிறான். அதற்குக் கரகரத்த குரல் போட்டேன். எனக்கு நடிப்பு வராது. இருந்தாலும் அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்த அத்தியாயத்துக்கு அவளுக்குக் கொடுத்திருந்த கேள்வி: 'இடுகாடு எதன் குறியீடு? இரண்டு சான்று தருக.' கோபுரத்தைப் பற்றிக் கேள்வியே இல்லை. ஒரு குழந்தையின் பயத்தை எழுத்தாளர் ஒற்றை வாக்கியத்தில் எப்படிச் சிரிப்பாக மாற்றினார் என்பதைத் தவிர வேறு எது இங்கே பாடம் என்று எனக்குப் புரியவில்லை. குறியீடு தேடுவது தப்பு என்று சொல்லவில்லை. கதை பிடித்துப்போன பிள்ளை தானாகவே தேடும். கதைக்குள்ளேயே நுழையாத பிள்ளை 'இருட்டு' என்ற வார்த்தையைக் கண்ணால் தேடிப் பிடித்துச் சீட்டு ஒட்டும்.

இது என் வீட்டுச் சாப்பாட்டு மேசைத் தத்துவம் மட்டும் இல்லை. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இருபது ஆங்கில ஆசிரியர்களிடம், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே இரண்டு கடினமான நாவல்களை வேகமாக, பெரும்பாலும் சத்தமாக, வாசித்து முடிக்கச் சொன்னார்கள். பன்னிரண்டு வாரம். பங்கெடுத்தவர்கள் 365 பிள்ளைகள். முடிவு 2019இல் ஓர் ஆய்விதழில் வந்தது. வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் சராசரியாக எட்டரை மாத வளர்ச்சி அளவுக்கு உயர்ந்திருந்தது. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பதினாறு மாதம். ஒப்பிட்டுப் பார்க்கத் தனிக் குழு இல்லாத சிறிய ஆய்வுதான், அதை வைத்து ஆகாயக் கோட்டை கட்ட மாட்டேன். ஆனாலும் பின்தங்கிய பிள்ளைகளே அதிகம் முன்னேறினார்கள் என்பது என்னை யோசிக்க வைக்கிறது. தனியாக வாசிக்கச் சொன்னால் முதலில் கைவிடுகிறவர்கள் அவர்கள்தானே.

ஆசிரியர்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஐந்து வகுப்பு, வகுப்புக்கு முப்பது பேர் என்றால் 150 கட்டுரை. ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றாலும் 25 மணி நேரத் திருத்தல். அந்த நிலையில் 'படித்தாயா' என்று கண்டுபிடிக்க ஒட்டுச்சீட்டை எண்ணுவது சுலபம். நானாக இருந்தாலும் எண்ணியிருப்பேன்.

நாவல் முழுவதையும் வகுப்பில் சத்தமாக வாசிக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. நிமிடத்துக்கு 150 சொல் என்றால் இருபது மணி நேரத்தைத் தாண்டும், 45 நிமிடப் பாடவேளைகள் இருபத்தேழுக்கு மேல் போய்விடும். அதனால் இரண்டில் ஒன்று செய்யலாம். சின்னப் புத்தகமாக எடுக்கலாம். ஆர்வெல்லின் 'அனிமல் ஃபார்ம்' சுமார் 30,000 சொற்கள்தான், ஐந்து பாடவேளையில் மொத்தமும் வாசித்துவிடலாம். பெரிய புத்தகம்தான் வேண்டும் என்றால் உயிரான அத்தியாயங்களை வகுப்பில் வாசித்து, நடுவில் இருப்பதை ஆசிரியரே கதையாகச் சொல்லிவிடலாம். இதை மோசடி என்று நினைக்கிறவர்கள் இருப்பார்கள். ஆறு பொய்க் குறிப்பைவிட இது பெரிய மோசடியா? வீட்டுக்குப் பத்துப் பக்கம், கேள்வி எதுவும் இல்லாமல். மறுநாள் வகுப்பு தொடங்கும்போது 'எந்த இடத்தில் நிறுத்தத் தோன்றவில்லை' என்று மட்டும் கேட்டால் போதும், யார் படித்தார்கள் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நாங்கள் அந்த வாரம் நான்கு அத்தியாயம் வாசித்தோம். நான்காவது, கைவிலங்கோடு சிப்பாய்கள் வாசலில் வந்து நிற்பதோடு முடிகிறது. அன்றைக்குத் தொடரில் படித்தவர்கள் அந்த இடத்தில் ஒரு வாரம் காத்திருந்தார்கள். மகள் காத்திருக்கவில்லை, ஐந்தாவதைத் தானே எடுத்துக்கொண்டு படுக்கைக்குப் போய்விட்டாள். ஒட்டுச்சீட்டு ஒட்ட இருவருமே மறந்துபோனோம்.

வெள்ளிக்கிழமை புத்தகம் திருத்தப்பட்டுத் திரும்பி வந்தது. இருட்டைக் குறியீடாக்கிய, அவள் படிக்காத அந்த அத்தியாயத்துக்குப் பத்துக்கு ஒன்பது. ஐந்தாவது அத்தியாயத்துக்குப் பூஜ்யம், பக்கத்தில் சிவப்பு மையில் 'வாசித்ததற்கான சான்று இல்லை'.