589 ரூபாய்க்கு ‘டிஃபால்டர்’ பட்டமா?

கிரெடிட் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் ரூ. 499. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் சுமார் 589 ரூபாய். இந்தத் தொகைக்காக ஒரு மனிதனின் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையில் ‘ரிட்டன் ஆஃப்’ (வராது என்று தள்ளிவைத்த கடன்) என்று எழுதி, அவனுடைய வீட்டுக் கடனை, வண்டிக் கடனை, பிள்ளையின் கல்விக் கடனை முடக்குகிறார்கள். வங்கி வேலைக்கான அறிவிப்புகளில்கூட சிபில் நிபந்தனை வந்துவிட்டது. அப்படியென்றால் இந்த ஒரு வரி சோற்றிலும் கை வைக்கிறது. இதை எழுதுகிற வங்கிக்கு ஒரு நிமிடக் கூச்சமும் கிடையாது. மென்பொருள் அனுப்புகிறது, கடன் தகவலைத் தொகுத்துவைக்கும் கிரெடிட் பீரோ அப்படியே ஏற்றிக்கொள்கிறது. அது தப்பு என்று நிரூபிக்க அலைய வேண்டியவர் மட்டும் வாடிக்கையாளர்.

இந்தச் சின்னத் தொகைகள் எங்கிருந்து முளைக்கின்றன என்று பார்த்தால் ஆத்திரம் இன்னும் கூடும். ‘வாழ்நாள் முழுக்க இலவசம்’ என்று வாயால் சொல்லித் தலையில் கட்டிய கார்டுக்கு இரண்டாம் வருடம் கட்டணம் விழும். கார்டை மூடச் சொல்லி, பில்லில் இருந்த தொகையைப் பைசா பாக்கியில்லாமல் கட்டியிருப்பார்கள். ஆனால் பில் போட்ட தேதிக்கும் பணம் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டி அடுத்த பில்லில் 30 ரூபாயோ 40 ரூபாயோ ஆக வந்து உட்காரும். தனிநபர் கடனை முன்கூட்டியே அடைத்த பிறகும் பழைய ஈசிஎஸ் (கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுக்கும் முறை) பவுன்ஸ் கட்டணம் ஒன்று கணக்கில் தொங்கும். செயலியில் ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ என்று எடுத்த 300 ரூபாயும் சட்டப்படி ஒரு கடன்தான். அறிக்கையில் அந்தச் செயலியின் பெயர் வராது. அதன் பின்னால் இருக்கும் நிதி நிறுவனத்தின் பெயர் வரும். பெயரே கேள்விப்படாத கம்பெனியாக இருக்கிறதே என்று பலர் குழம்புவது அதனால்தான்.

அந்த வங்கி உங்களிடம் சொன்னதா? பழைய மின்னஞ்சலுக்கு ஒரு பில், மாற்றிவிட்ட எண்ணுக்கு நாலு அழைப்பு, அவ்வளவுதான். ஆனால் ரிசர்வ் வங்கியின் விதி அப்படிச் சொல்லவில்லை. 2022 ஏப்ரலில் வந்த கிரெடிட் கார்டு விதிமுறையை எடுத்துப் படியுங்கள். ஒருவரை டிஃபால்டர், அதாவது கடனைக் கட்டாதவர், என்று பீரோவுக்குத் தெரிவிப்பதற்கு முன்பு அவருக்கு அறிவிக்க வேண்டும். தொகையில் தகராறு நிலுவையில் இருந்தால், அது தீர்ந்த பிறகே தெரிவிக்க வேண்டும். கெடு தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் பாக்கி நின்றால்தான் ‘பாஸ்ட் டியூ’ (கெடு தாண்டிய பாக்கி) என்று சொல்லவே முடியும். ஆக்டிவேட் செய்யாத புதுக் கார்டைப் பற்றிய தகவலைப் பீரோவுக்கு அனுப்பவே கூடாது. கட்டாத கட்டணத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து வட்டிக்கு வட்டி போடக் கூடாது. மூடச் சொன்ன கார்டை, பாக்கி இல்லாத பட்சத்தில், ஏழு வேலை நாளில் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ. 500 வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். இத்தனையும் எழுத்தில் இருக்கிறது. கேட்பவர்கள் குறைவு என்பதால்தான் இவர்கள் ஆட்டம் போடுகிறார்கள்.

சரி, கேட்பது எப்படி?

முதல் வேலை, அறிக்கையை முழுதாக எடுப்பது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நாட்டில் நான்கு பீரோக்கள். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தந்தாக வேண்டும். நாலையும் எடுங்கள். உங்கள் அறிக்கையை நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. கடன் செயலிகள் காட்டும் வெறும் எண்ணை நம்பி உட்காராதீர்கள், அதில் உள்விவரம் இருக்காது. சிபில் அறிக்கையின் மேலே ஒரு கண்ட்ரோல் நம்பர் இருக்கும். புகாரில் அது வேண்டும், குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு அந்த ஒரு கணக்கின் பகுதியை வரிவரியாகப் படியுங்கள். முக்கால்வாசிப் பேர் கோட்டைவிடும் இடம் இதுதான். ‘கரண்ட் பேலன்ஸ் 0, ஓவர்டியூ 0’ என்று இருந்தால் தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். கொஞ்சம் கீழே இறங்கினால் ‘ரிட்டன் ஆஃப் தொகை’ என்று தனி வரி இருக்கும், அதில் 1,842 என்று நிற்கும். அதற்கும் கீழே மாதவாரியாகக் கட்டங்கள், 36 மாதம் வரை. 000 என்றால் அந்த மாதம் பாக்கி இல்லை. 030, 060, 090 என்றால் அத்தனை நாள் தாமதம். எஸ்டிடி என்றால் ஒழுங்கான கணக்கு, எஸ்யூபி, டிபிடி, எல்எஸ்எஸ் என்றால் வாராக்கடன் வகைகள். எக்ஸ்எக்ஸ்எக்ஸ் என்றால் வங்கி அந்த மாதம் தகவலே தரவில்லை. பேலன்ஸ் சுழியாகி இந்தக் கட்டங்கள் அப்படியே நின்றால், அடுத்துக் கடன் கேட்கும் இடத்தில் மேலாளரின் கண் நேராகப் போவது அங்கேதான். ஆகவே எந்த மாதக் கட்டத்தில் என்ன எண் தப்பு, எந்த வரி நீங்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். ‘என் சிபிலைச் சரிசெய்யவும்’ என்று மொட்டையாகப் புகார் போட்டால் பேலன்ஸை மட்டும் சுழியாக்கிவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள்.

கணக்கே உங்களுடையது இல்லை என்றால் அது வேறு வகைப் புகார். தமிழ்ப் பெயர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல் மட்டும். பான் கார்டில் அப்பா பெயர் விரிந்து கடைசிப் பெயராக நிற்கும், ஒரு வங்கியில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அதுவே இல்லை. ஒரே பெயர், ஒரே ஊர், பக்கத்துப் பிறந்த தேதி என்றால் இன்னொருவர் கடன் உங்கள் அறிக்கையில் ஏற வாய்ப்பிருக்கிறது. ‘ஓனர்ஷிப்’ என்ற வகையில் புகார் போட்டு, அந்தக் கடன் விண்ணப்பத்தையும் கேஒய்சி (அடையாளச் சான்று) நகலையும் காட்டச் சொல்லுங்கள். உங்கள் பான் எண்ணை வைத்தே யாரோ கடன் வாங்கியிருந்தால் அது மோசடி, சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கும் சைபர் கிரைம் தளத்துக்கும் அன்றே புகார் போக வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயம். பீரோவின் தளத்தில் ‘டிஸ்ப்யூட்’ பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருப்பதுதான் எல்லோரும் செய்வது. பலருக்கு ஒரே பதில்தான் வருகிறது: ‘வங்கி இந்தத் தகவலைச் சரி என்று உறுதி செய்துள்ளது.’ பீரோ விசாரிப்பதில்லை. உங்கள் புகாரை வங்கிக்கு அனுப்புகிறது, வங்கி தன் கணினியில் இருப்பதையே திரும்பப் படித்துச் சொல்கிறது, பீரோ தலையாட்டுகிறது. குற்றம் சாட்டியவரையே நீதிபதி நாற்காலியிலும் உட்கார வைக்கும் ஏற்பாட்டுக்குப் பெயர் விசாரணையா? வங்கி சம்மதிக்காமல் பீரோவால் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. எனவே பட்டனையும் அழுத்துங்கள், அதே நாளில் வங்கிக்கும் எழுதுங்கள். அடி விழ வேண்டிய இடம் வங்கி.

கிளைக்குப் போய்ப் பேசுவது வீண். ‘கார்டு டிவிஷன் தனி சார், கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணுங்க’ என்பார்கள். வாய்ப்பேச்சுக்குப் புகார் எண் கிடையாது, எண் இல்லாத புகாருக்குத் தேதியும் கிடையாது. வங்கியின் தளத்தில் குறைதீர்ப்புப் பக்கத்தில், புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரியின் முகவரி இருக்கும். மின்னஞ்சல் அனுப்பி, அதையே அச்செடுத்து ஸ்பீட் போஸ்ட்டிலும் போடுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கடிதத்தில் அழுகை வேண்டாம், கேள்விகள் போதும். கணக்கு தொடங்கிய நாள் முதல் இன்றுவரை முழு ஸ்டேட்மென்ட் தாருங்கள். கார்டு எந்தத் தேதியில், எந்த எண்ணுக்கு வந்த ஓடிபி மூலம் ஆக்டிவேட் ஆனது? ஆண்டுக் கட்டணத்துக்கு நான் ஒப்புக்கொண்ட ஆவணம் எங்கே? டிஃபால்ட் என்று தெரிவிப்பதற்கு முன் எனக்கு அறிவித்தது எந்தத் தேதியில், எந்த முகவரிக்கு, நகல் எங்கே? 589 எப்படி 1,842 ஆனது, கட்டணம், வட்டி, வரி என்று பிரித்துக் காட்டுங்கள். கடைசியாக, எந்தெந்த வரி, எந்தெந்த மாதக் கட்டம், நான்கு பீரோவிலும் திருத்தப்பட வேண்டும் என்ற பட்டியல். கார்டை மூடச் சொன்ன பழைய மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ இருந்தால் அதையும் இணையுங்கள். பல வழக்குகளில் ‘முன்னறிவிப்பு நகல் எங்கே’ என்ற ஒரு கேள்வியே வங்கியைத் திணற வைத்துவிடும்.

பணத்தைக் கட்டிவிட்டுப் போகலாமே என்பார்கள். பாக்கி உண்மையாகவே உங்களுடையது என்றால் கட்டுங்கள், முழுதாகக் கட்டுங்கள். கட்டிய 30 நாளுக்குள் வங்கி பீரோவில் திருத்த வேண்டும், அதுவும் விதி. ஆனால் வசூல் ஏஜென்ட் போனில் ‘பாதி கட்டுங்க, முடிச்சுடலாம்’ என்று சொல்வதை ஒருபோதும் ஏற்காதீர்கள். பாதி கட்டினால் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று விழும். கடன் கொடுப்பவர் கண்ணுக்கு அதுவும் கறைதான். ‘குளோஸ்டு’ என்று வர வேண்டும், பாக்கி இல்லை என்ற நோ டியூ சர்டிபிகேட் கையில் வர வேண்டும். பாக்கியே தப்பு என்றால் வாயை மூடிக்கொண்டு கட்டாதீர்கள், கட்டினால் கடனை ஒப்புக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். வீட்டுக் கடன் அவசரத்தில் கட்டியே ஆக வேண்டிய நிலை என்றால், ஆட்சேபத்தோடுதான் கட்டுகிறேன், திருத்தக் கோரிக்கை தொடர்கிறது என்று எழுத்தில் தெரிவித்துவிட்டு, ஏஜென்ட்டின் யுபிஐக்கு இல்லாமல் நேராக வங்கியின் கணக்குக்குக் கட்டுங்கள்.

‘சிபில் ஸ்கோர் ஏற்றித் தரப்படும்’ என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நீங்கள் இலவசமாகப் போடும் அதே புகாரைத்தான் அவர்களும் போடுகிறார்கள், அதோடு உங்கள் பான், ஆதார், ஓடிபி எல்லாம் அவர்கள் கைக்குப் போய்விடும்.

இனி நாள் கணக்கு. புகார் கொடுத்த நாளிலிருந்து 30 நாள், ஞாயிறும் விடுமுறையும் சேர்த்து. அதற்குள் வங்கிக்கு 21 நாள்: திருத்திய தகவலை அது பீரோவுக்கு அனுப்பியாக வேண்டும். 30 தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் உங்களுக்கு ரூ. 100 இழப்பீடு. 2023 அக்டோபரில் அறிவித்து, 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. 21 நாளில் வங்கி அசையாவிட்டால் வங்கி தர வேண்டும், வங்கி நேரத்தில் சொல்லியும் பீரோ தூங்கினால் பீரோ தர வேண்டும். 75-ஆம் நாள் திருத்தினார்கள் என்றால் 45 நாள், 4,500 ரூபாய். புகார் தீர்ந்த ஐந்து வேலை நாளில் கணக்கில் வர வேண்டும். இதற்காகத்தான் முதல் புகாரிலேயே உங்கள் வங்கிக் கணக்கு விவரத்தைக் கொடுக்கச் சொல்கிறேன். ஸ்கோர் ஏன் குறைவு என்ற புகாருக்கு இந்த இழப்பீடு கிடையாது, தகவல் பிழைக்குத்தான். நிராகரித்தால் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். ‘உள் கொள்கைப்படி’ என்று ஒற்றை வரியில் பதில் வந்தால் அதையே சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் உப்புச்சப்பில்லாமல் இருக்கிறது என்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர். ரிசர்வ் வங்கியின் புகார் தளமான சிஎம்எஸ்ஸில் போடலாம், கட்டணம் இல்லை, விசாரிக்க 14448. 2022 செப்டம்பர் முதல் பீரோக்களும் இதன் கீழ் வந்துவிட்டன, அதனால் வங்கி, பீரோ இரண்டின் மீதும் போடலாம். புகார் தள்ளுபடியாகும் காரணங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்: முதலில் வங்கியிடம் எழுத்தில் கேட்காமல் நேராக வருவது, வக்கீல் மூலம் போடுவது, இதே விஷயம் நீதிமன்றத்தில் நடப்பது. அதைவிட்டுக் கோபத்தில் முதல் நாளே வக்கீல் நோட்டீஸ், நுகர்வோர் வழக்கு என்று இறங்கினால் இந்த இலவசக் கதவு அடைபடலாம். நுகர்வோர் ஆணையம் அதற்கு அடுத்த படி.

இதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது வேறு நாலு வங்கியில் கடன் கேட்டு விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொன்றும் ஒரு விசாரணைப் பதிவாக அறிக்கையில் ஏறும், ஸ்கோரை இன்னும் இழுக்கும். கடன் கேட்ட வங்கியிடம் புகார் எண்ணையும் கடித நகலையும் கொடுத்து, கோப்பை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.

திருத்திவிட்டோம் என்று மெயில் வந்தாலும் நம்பி உட்கார முடியாது என்பதுதான் எரிச்சலின் உச்சம். 2025 ஜனவரி முதல் வங்கிகள் 15 நாளுக்கு ஒருமுறையாவது பீரோக்களுக்குத் தகவல் அனுப்புகின்றன. பீரோவில் மட்டும் திருத்திவிட்டு வங்கி தன் மூலக் கணக்கைத் திருத்தாமல் விட்டால், அடுத்த சுற்றில் அதே பழைய பாக்கி மறுபடி வந்து உட்காரும். சிபிலில் சரியாகி, மற்ற மூன்றில் அப்படியே கிடப்பதும் உண்டு. அதனால் சில சுற்று முடிந்த பிறகு, ஒன்றரை மாதம் கழித்து, நான்கு அறிக்கையையும் மறுபடி எடுத்துப் பாருங்கள். இலவச முறை முடிந்திருந்தால் காசு கொடுத்தாவது எடுங்கள். அந்த வரி திரும்ப வந்திருந்தால், ‘திருத்திவிட்டோம்’ என்ற அவர்களுடைய மெயிலையே முதல் இணைப்பாக வைத்து அன்றே புதுப் புகார் போடுங்கள், 30 நாள் கணக்கு அன்றிலிருந்து மறுபடி ஓடட்டும்.