பசித்த மூளையிடம் நியாயம் பேசாதீர்கள்

அனோரெக்ஸியா, அதாவது எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் உணவுக் கோளாறு பற்றிப் பேச்சு வந்தாலே நம்மிடம் இரண்டு வசனங்கள் தயாராக இருக்கும். ஒன்று, "எல்லாம் திமிரு, ரெண்டு நாள் கண்டுக்காம விட்டா தானா சாப்பிடும்." இன்னொன்று, "மனசுல என்ன குறைன்னு கண்டுபிடிச்சு சரிபண்ணா சாப்பாடு தானா இறங்கும்." முதலாவது கொடுமை என்பது பலருக்கும் புரிந்துவிட்டது. எனக்குப் பயம் இரண்டாவதைப் பற்றித்தான். படித்தவர்கள், பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பவர்கள் சொல்வது அது. மனசு சரியாகட்டும் என்று காத்திருக்கும் மாதங்களில் உடம்பு கரைந்துகொண்டே போகிறது, கூடவே மூளையும்.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள், ஐரோப்பாவில் பட்டினியால் வாடும் மக்களின் உடலை எப்படித் தேற்றுவது என்று அறிய உதவுவதற்காகத் தாங்களாகவே முன்வந்தார்கள். உடல்நலம் மட்டுமல்ல, மனநலமும் சோதித்துத்தான் அவர்களைச் சேர்த்தார்கள். அடுத்த பிப்ரவரியிலிருந்து ஆறு மாதம் அரைப்பட்டினி. எவ்வளவு கலோரி என்ற எண்ணை இங்கே வேண்டுமென்றே எழுதவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு வருந்தக்கூடிய யாராவது இதைப் படிக்கலாம். வழக்கமாகச் சாப்பிட்டதில் ஏறக்குறையப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எடையில் கால்பங்கு போனது. அதைவிட முக்கியம், குணம் மாறியது. சிரிப்பு நின்றது. சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுந்தார்கள், நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள், சோர்வில் மூழ்கினார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தார்கள். ஒரு தட்டுச் சாப்பாட்டை மணிக்கணக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கோடரியால் தன் விரல்கள் மூன்றை வெட்டிக்கொண்டார். தெரிந்து செய்தாரா, தவறிப் பட்டதா என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. பட்டினி முடிந்த பிறகு சிலரால் சாப்பிடுவதை நிறுத்த முடியவில்லை.

இவர்களில் ஒருவருக்கும் ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை கிடையாது. உணவுக் கோளாறு உள்ள ஒரு பெண்ணிடம் நாம் "பிடிவாதம்", "மூடி டைப்", "எல்லாத்துக்கும் அழுகை" என்று பட்டியலிடுவதில் பெரும்பகுதி, பட்டினி யாரிடம் வேண்டுமானாலும் உண்டாக்கக்கூடியது.

அப்படியானால் எல்லாருக்கும் பசித்தால் சாப்பிடத் தோன்றும்போது அனோரெக்ஸியா உள்ளவர்களுக்கு மட்டும் ஏன் தோன்றவில்லை? வால்டர் கே என்ற மனநல மருத்துவர் பல ஆண்டுகளாக முன்வைக்கும் விளக்கம் ஒன்று உண்டு. மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் உண்டாக டிரிப்டோஃபான் என்ற மூலப்பொருள் வேண்டும். அது உணவிலிருந்து மட்டுமே கிடைக்கும். பிறவியிலேயே பதற்றம் மிகுந்த சிலருக்கு, உணவைக் குறைத்து மூளையில் செரட்டோனின் தாழும்போது அந்தப் பதற்றம் கொஞ்சம் அடங்குகிறது. சாப்பிட்டால் திரும்ப ஏறுகிறது. இது இன்னும் கருதுகோள்தான். ஆனால் நோயாளிகள் சொல்வதோடு பொருந்துகிறது: பட்டினி கிடந்தால்தான் நிம்மதியாக இருக்கிறது என்கிறார்கள் பலர். நாம் வேதனை என்று நினைக்கும் இடத்தில் அவர்களுக்கு ஆறுதல் கிடைக்கிறது. மன உறுதி என்று மெச்சுவதற்கும் இதில் ஒன்றுமில்லை, பிடிவாதம் என்று திட்டுவதற்கும் இல்லை.

ஆறுதல் தந்த செயல் நாளடைவில் பழக்கமாக இறுகிவிடுகிறது. 2015-ல் வெளிவந்த கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வில், அனோரெக்ஸியா உள்ளவர்கள் எதைச் சாப்பிடுவது என்று முடிவெடுக்கும்போது, பழக்கங்களை இயக்கும் டார்சல் ஸ்ட்ரையேட்டம் என்ற மூளைப் பகுதி மற்றவர்களைவிட அதிகம் ஈடுபட்டிருந்தது. "கொஞ்சம் யோசிச்சுப் பாரும்மா" என்று நாம் கெஞ்சுவதெல்லாம் யோசிக்கும் மூளையிடம். முடிவு வேறோர் இடத்தில் எடுத்தாகிவிட்டது.

புலிமியா என்ற இன்னோர் உணவுக் கோளாறில் கதை வேறு மாதிரி. அங்கே மனம் குமுறும் நேரத்தில்தான் கட்டுமீறிய சாப்பாடு தொடங்குகிறது. கொஞ்ச நேரம் மரத்துப்போகிறது, பிறகு வெட்கம், வாந்தி, மறுபடி பட்டினி, அந்தப் பட்டினியே அடுத்த வெறியைக் கூட்டிவருகிறது. அதற்கு ஃப்ளூஆக்ஸெடின் மாத்திரை பலருக்கு உதவுகிறது. எடை மிகவும் குறைந்த அனோரெக்ஸியா நோயாளிகளிடம் அதே மாத்திரை, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை. செரட்டோனினைக் கையாளும் மருந்து, செரட்டோனினுக்கே மூலப்பொருள் இல்லாத மூளையில் எதைக் கையாளும் என்று ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். எனக்கு அது நியாயமான கேள்வியாகவே படுகிறது.

2022-ல் பல நாட்டு ஆய்வுக் குழுக்கள் ஸ்கேன் படங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தன. எடை குறைந்த நிலையில் மூளையின் மேலடுக்கு (கார்டெக்ஸ்) மெலிந்திருந்தது. மற்ற பல மனநோய்களில் காண்பதைவிடப் பெரிய அளவில். எடை ஓரளவு தேறியவர்களிடம் அந்த மெலிவு வெகுவாகக் குறைந்திருந்தது. உணவு வந்தால் மூளை திரும்பி வருகிறது. அதனால்தான் சொல்கிறேன், சாப்பாடு முதல் மருந்து. ஆலோசனை வேண்டும், கட்டாயம் வேண்டும், ஆனால் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள ஒரு மூளை வேண்டுமே.

லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பச் சிகிச்சை இந்த வரிசையில்தான் போகிறது. வளரிளம் பிள்ளைகளுக்கு என்ன, எவ்வளவு, எப்போது என்பதைச் சில மாதங்களுக்குப் பெற்றோர் கையில் எடுக்கிறார்கள். யார் குற்றம் என்ற விசாரணை கிடையாது. வேளாவேளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அழுதாலும் கத்தினாலும் தட்டு முடியும்வரை எழுந்து போகாமல் இருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு இன்றிரவே யாரும் தட்டு நிறையப் பரிமாறிவிட வேண்டாம். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயத்துடிப்பே தடுமாறலாம். முதலில் மருத்துவரிடம் போங்கள். நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், ஈசிஜி, ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவில் தொடங்கி எத்தனை நாளில் கூட்டலாம் என்பதை அவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.