வீட்டுக்குள் ஃபெம்டோசெல்: கோபுரத்துக்கு இணையான கதிர்வீச்சா?

ஃபெம்டோசெல் எனப்படும் சிறு கைபேசி நிலையத்தை வீட்டில் வைப்பது, தெருமுனைக் கோபுரத்தையே கூடத்துக்குள் கொண்டுவந்து, அதே அளவு கதிர்வீச்சை இரவும் பகலும் வாங்கிக்கொள்வதற்குச் சமம் என்று ஒரு தகவல் பரவி வருகிறது. இது தவறு.

பெரிய கோபுரம் ஓர் அலைவரிசைக்கு 20 முதல் 40 வாட் வரை ஆற்றலைச் செலுத்தக்கூடும். வீட்டுக்கான 3ஜி ஃபெம்டோசெல்லுக்குத் தரநிலை வகுத்த உச்ச வரம்போ 100 மில்லிவாட். அதாவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. அது தொலைவிலுள்ள கோபுரத்தின் அலையைப் பெருக்குவதுமில்லை. அழைப்புகளைப் பிராட்பேண்ட் இணைப்பு வழியாக நிறுவனத்தின் வலையமைப்புக்கு அனுப்புகிறது.

அச்சப்படுவோர் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது கைபேசியைத்தான். சிக்னல் நலிந்த அறையில் 3ஜி கைபேசி தன் முழு ஆற்றலான 250 மில்லிவாட் வரை எட்டக்கூடும், அதுவும் காதோரத்தில். நிலையம் அருகிலிருந்தால், நொடிக்கு 1,500 முறை வரும் கட்டளைகளுக்கேற்பக் கைபேசி தன் ஆற்றலைப் பெருமளவு தணித்துக்கொள்கிறது. ஆகவே பேசுபவரின் தலைக்கருகே வெளிப்படும் ஆற்றல் பொதுவாகக் குறையவே செய்யும்.

உண்மையான குறை வேறு: மின்சாரமோ இணையமோ நின்றால் இக்கருவியும் நின்றுவிடும். அமெரிக்காவில் ஏடி அண்ட் டி என்ற கைபேசிச் சேவை நிறுவனம் 2010இல் பரவலாக அறிமுகப்படுத்திய மைக்ரோசெல் என்ற ஃபெம்டோசெல், 2022 பிப்ரவரியில் அந்நிறுவனத்தின் 3ஜி சேவை மூடப்பட்டதோடு பயனற்றுப் போனது; அதை இன்று பழைய பொருளுக்கான மலிவு விலைக்குக்கூட வாங்க வேண்டாம்.