துணியோடு குண்டூசியில் குத்திக் கொடுத்த சீட்டு

பிளவுஸின் முதுகுக் கழுத்து இறக்கம் 5 அங்குலம் என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்த பிறகும் அதை 9 அங்குலத்துக்கு வெட்டி, கேட்காத நாடாவையும் இரண்டு குஞ்சங்களையும் தொங்கவிட்டு, அதற்கென்று தனியாக 100 ரூபாய் கூலியும் வாங்கும் உரிமையைத் தையற்காரர்களுக்கு யார் கொடுத்தது? நேற்று இரவு ஒன்பது மணிக்கு அந்த பிளவுஸைக் கையில் வாங்கியதிலிருந்து என் கொதிப்பு அடங்கவில்லை.

அது சாதாரணத் துணியாக இருந்திருந்தால் இன்னொரு மீட்டர் வாங்கிக்கொள்ளலாம் என்று மனத்தைத் தேற்றியிருப்பேன். அது அரக்கு நிறச் சுங்குடி. மெழுகு அச்சில் புள்ளி வைத்த மலிவுச் சேலை அன்று. ஒவ்வொரு புள்ளியையும் நூலால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்து, பிறகு முடிச்சை அவிழ்த்தெடுத்த அசல் மதுரைச் சுங்குடி. புள்ளிகளை உற்றுப் பார்த்தால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. தனியார் பள்ளி ஆசிரியையின் சம்பளத்தில் நான்கு மாதம் சிறுகச் சிறுக எடுத்து வைத்த பணத்தில் வாங்கினேன். சேலையோடு சேர்ந்து வந்த 80 சென்டிமீட்டர் துணிதான் பிளவுஸுக்கு. கத்தரி பட்டால் பட்டதுதான். அதே சாயத்தில், அதே புள்ளியில் மறுபடி எங்கே தேடுவது?

என்னிடம் பணம் இல்லை, ஆனால் எனக்கு எது பொருந்தும் என்ற தெளிவு இருக்கிறது. அந்தத் தெளிவு வரப் பத்தாண்டுகள் ஆயின. குள்ளமான உடலை அகலக் கரை இன்னும் குறுக்கிக் காட்டுகிறது என்பதால் சிறு கரைச் சேலைகளை மட்டுமே எடுக்கிறேன். அகன்ற தோளுக்கு முழங்கை வரையிலான கையும் இறங்காத கழுத்தும்தான் ஒழுங்காக நிற்கின்றன. கறுப்பு, அரக்கு, மாம்பழ மஞ்சள் என மூன்று நிறத்தில் பிளவுஸ்கள் கச்சிதமாக அமைந்துவிட்டால் ஏழெட்டுப் பருத்திச் சேலைகளை மாற்றி மாற்றிக் கட்டி ஓராண்டைக் கௌரவமாக ஓட்டிவிடலாம். விலையுயர்ந்த சேலை கட்டுபவர்களுக்கு அந்தச் சேலையே துணை நிற்கும். எங்களைப் போன்றவர்களுக்குத் தையல் ஒன்றுதான் துணை. அந்த ஒன்றிலும் கை வைத்தால் வேறு எதை நம்புவது?

அளவு பிளவுஸ் கொடுத்தேன். போதாதென்று ஒரு தாளில் கை நீளம் பத்தரை அங்குலம், முன்கழுத்து 6, முதுகுக் கழுத்து 5, உள்ளே பிடித்துத் தைக்க ஒன்றரை அங்குலம் விடவும், லைனிங் துணியை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டவும் என்று வரிசையாக எழுதி, அந்தத் தாளைத் துணியோடு குண்டூசியால் குத்திக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை தருவதாகத் தையற்காரர் சொன்னார். வெள்ளிக்கிழமை போனால் கொக்கி வைக்கவில்லை என்றார். சனிக்கிழமை மின்சாரம் இல்லை என்றார். திங்கட்கிழமை கடையே பூட்டியிருந்தது. பள்ளி ஆண்டு விழாவுக்கு முதல் நாள் இரவு நான்காம் முறையாகப் போனபோதுதான் பிளவுஸ் கைக்கு வந்தது. கை 6 அங்குலம்தான் இருந்தது. உள்பக்கம் திருப்பினால் அரை அங்குலம் மட்டும் விட்டுவிட்டு மீதியை வெட்டி, ஓரம் பிரியாமலிருக்க ஓவர்லாக் தையல் அடித்திருந்தார். இனி ஒரு நூல் அளவுகூட அதைத் தளர்த்த முடியாது. லைனிங்கை நனைத்தாரா என்று கேட்டதற்கு வேறு பக்கம் பார்த்தார். முதல் சலவையிலேயே லைனிங் சுருங்கி மேல்துணியைக் கவ்விப் பிடிக்கும் என்பது எனக்கு இப்போதே தெரியும்.

"என்ன அண்ணே இது, எழுதிக் கொடுத்தேனே?" என்றேன்.

"உங்களுக்குத் தோள்பட்டை அகலம் டீச்சர். இறக்கமா வெச்சாத்தான் ஒல்லியாக் காட்டும். இப்ப எல்லாரும் இப்படித்தான் கேக்குறாங்க" என்றார்.

என் தோள் அகலம் என்பதை எனக்கு அவர் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் இறக்கம் வேண்டாம் என்று எழுதினேன். அகன்ற தோளுக்குக் கழுத்தை அகலமாக இறக்கி வெட்டினால், கரும்பலகையில் எழுதக் கையை உயர்த்தும்போதெல்லாம் பிளவுஸ் தோளைவிட்டு நழுவும். அதை இழுத்துக் கட்டத்தான் நாடா தேவைப்பட்டிருக்கிறது. தவறாக வெட்டியவர் அவர். அந்தத் தவறை மறைக்கும் நாடாவுக்கு 100 ரூபாய் கொடுத்தவள் நான். பழி மட்டும் என் உடம்பின் மேல்! மொத்தக் கூலி 650 ரூபாய். கை ஏன் குட்டையானது என்றால் துணி பத்தவில்லையாம். சொல்லிக்கொண்டே அவர் தையல் இயந்திரத்தின் எண்ணெயைத் துடைத்த துணியைப் பார்த்தேன். அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகள். இரு கைக்கும் ஒட்டுப் போட்டு இறக்கியிருக்கக்கூடிய அளவுக்கு என் சுங்குடியின் நீண்ட துண்டு, எண்ணெய்க் கறையோடு அவர் கையில் கசங்கிக்கொண்டிருந்தது.

என் அம்மா காலத்தில், மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே வரிசையாக உட்கார்ந்திருந்த தையற்காரர்களிடம் துணியைக் கொடுத்துவிட்டு, உள்ளே போய்ச் சாமி கும்பிட்டுத் திரும்புவதற்குள் வேலை முடிந்திருக்கும். சொன்ன அளவு சொன்னபடி இருக்கும். அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. பள்ளி விட்டு, இரண்டு பேருந்து ஏறி அங்கே போய்வர எனக்கு நேரம் வாய்ப்பதில்லை. தைத்தே விற்கும் பிளவுஸ்களைப் போட்டுப் பார்த்தால் தோள் சரியாக இருக்கும்போது கை இறுக்குகிறது. "குறைவாக வாங்குங்கள், அளவாகத் தைத்துக்கொள்ளுங்கள்" என்று கைபேசியில் அறிவுரை சொல்பவர்கள், அளவாகத் தைத்துத் தரும் ஆள் எங்கே இருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்று ஆண்டு விழாவுக்குப் புதுச் சேலையைப் பழைய கறுப்பு பிளவுஸோடு கட்டிக்கொண்டு போனேன். அதன் அக்குளில் சாயம் வெளுத்திருப்பது தெரியாமலிருக்க, விழா முடியும்வரை கையை ஒடுக்கிக்கொண்டே நின்றேன். வீட்டுக்கு வந்து, நேற்றுக் கடையில் கொடுத்த பையை உதறியபோது, நான் எழுதிய தாள் குண்டூசியோடு கீழே விழுந்தது. கொடுத்தபோது எப்படி நான்காக மடித்திருந்தேனோ, அப்படியே இருந்தது; ஒருமுறைகூட யாரும் அதைப் பிரிக்கவில்லை.