மின்னல் மேலேறிய கதையை வகுப்பில் யார் சொல்வது?

2016 அக்டோபரில், கட்டண உயர்வுக்கு எதிரான மாணவர் போராட்டத்தின் நடுவே, கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு கூட்டத்தின் காணொளி தென்னாப்பிரிக்கா எங்கும் பரவியதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அறிவியல் என்பது மேலைநாட்டு ஆதிக்கத்தின் விளைச்சல் என்றும், அதை அடியோடு துடைத்துவிட்டு ஆப்பிரிக்கர் தம் நோக்கிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும் என்றும் ஒரு மாணவி அதில் பேசினார். எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் வடபகுதியில் மந்திரத்தால் மின்னலை ஒருவர்மீது ஏவ முடியும் என்று மக்கள் நம்புவதைச் சொல்லி, இதை அறிவியலால் விளக்க முடியுமா என்று கேட்டார். அவையிலிருந்து ஒருவர் ‘அது உண்மையல்ல’ என்று குரல் கொடுக்க, அவரை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். அதன்பிறகு இணையத்தில் கேலி ஓயவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டர்பனில் இயற்பியல் கற்பித்துப் பிழைக்கிறவன் என்றாலும், இடி இடித்தால் வீட்டிலுள்ள கண்ணாடிகளையெல்லாம் துணியால் மூடிவிட்டு ‘அர்ச்சுனா, அர்ச்சுனா’ என்று முணுமுணுத்த பாட்டியிடம் வளர்ந்தவன் நான். (கண்ணாடியை மூடும் வழக்கம் இங்குள்ள சூலு மக்களின் வீடுகளிலும் உண்டு, யாரிடமிருந்து யார் கற்றார்களோ.) என்னை உறுத்தியது வேறு. அந்த மாணவியும் சரி, அவரைக் கேலி செய்தவர்களும் சரி, மின்னலைப் பற்றிய அறிவியல் ஐரோப்பாவில் முழுதாகச் செய்து முடிக்கப்பட்டுக் கப்பலில் வந்து இறங்கியது போலவே பேசினார்கள். உண்மையில் அந்த அறிவின் முக்கியமான ஒரு பகுதி இந்த மண்ணில், ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றிய மேட்டு நிலத்தின் கோடைப் புயல்களில் கண்டறியப்பட்டது.

சார்லஸ் வெர்னான் பாய்ஸ் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் 1900ஆம் ஆண்டை ஒட்டி, மின்னலைப் படம்பிடிப்பதற்கென்றே ஒரு கேமராவை உருவாக்கினார். சுழலும் தட்டொன்றின் எதிரெதிர் விளிம்புகளில் இரண்டு வில்லைகள் இருக்கும். மின்னல் நகரும் நேரத்தில் வில்லைகளும் எதிரெதிர்த் திசையில் நகர்ந்துகொண்டிருப்பதால், கிடைக்கும் இரண்டு படங்களும் ஒன்றுக்கொன்று சற்று வேறுபட்டுக் கோணும். அந்தக் கோணலை அளந்தால் ஒளி எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் ஓடியது என்று சொல்லிவிடலாம். பாய்ஸ் அதை இருபது ஆண்டுகளுக்கும் மேல் வைத்திருந்தும் உருப்படியாக ஒரு படம் அவருக்குச் சிக்கவில்லை. 1930களில் அதே உத்தியைக் கையில் எடுத்தவர், கிரகாம்ஸ்டவுனில் 1896இல் பிறந்த இயற்பியலாளர் பாசில் ஷான்லாந்து. கோடைப் பிற்பகல்களில் வானம் அடிக்கடி இடிந்து விழும் ஜோகன்னஸ்பர்க் மேட்டு நிலம் அவருக்கு வாய்த்திருந்தது. அவரும் மாலன், கோலென்ஸ் ஆகிய கூட்டாளிகளும் எடுத்த படங்களிலிருந்துதான், முதலில் மங்கலான ஒரு கீற்று ஏறக்குறைய ஐம்பது மீட்டர் பாய்வதும் நிற்பதுமாக மேகத்திலிருந்து படிப்படியாக இறங்குகிறது என்பதும், அது தரையை எட்டியவுடன் நாம் காணும் அந்தப் பேரொளி தரையிலிருந்து மேகத்தை நோக்கி மேலேறுகிறது என்பதும் தெளிவாயின.

அந்தக் கூட்டத்தில் இதை ஒருவர் சொல்லியிருந்தால் விவாதம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். ஆனால் யார் சொல்லியிருக்க முடியும்? நானே இதைப் பட்டம் பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து, வேறெதையோ தேடும்போது தற்செயலாகப் படித்தேன். நான் படித்த பாடப்புத்தகத்தில் அறிவியல் வரலாறு என்பது பக்க ஓரத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதில் தாடி வைத்த ஒருவரின் படமும், பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும், அவர் பெயரில் வழங்கும் அலகும் இருக்கும். அதை வரலாறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோயில் தூணில் உபயதாரர் பெயர் பொறிப்பதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இரண்டாம் ஆண்டு மின்காந்தவியல் வகுப்பில் ஒருமுறை, எந்த விளக்கமும் தராமல் அப்படிப்பட்ட ஓர் இரட்டைப் படத்தைக் கொடுத்து, ஒளி எந்தத் திசையில் ஓடியது என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். பெரும்பாலோர் அளக்காமலேயே ‘மேலிருந்து கீழே’ என்று எழுதினார்கள். அளந்து பார்த்த இரண்டு பெண்கள் மட்டும் விடை தலைகீழாக வருகிறதே, கணக்கில் தவறு செய்துவிட்டோமோ என்று தயங்கித் தயங்கி வந்து கேட்டார்கள். அந்தத் தயக்கத்தை எந்தச் சூத்திரத்தாலும் கற்பிக்க முடியாது.

இந்த எண்ணம் புதியதன்று. ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவராக இருந்த வேதியியலாளர் ஜேம்ஸ் கோனன்ட், இரண்டாம் உலகப்போர் முடிந்ததும், பழைய சோதனைகளின் வரலாற்றைக் கொண்டே அறிவியலைக் கற்பிக்கும் ஒரு பாடத்தை அங்கே தொடங்கினார். அதில் துணை நின்ற இளம் இயற்பியலாளர் தாமஸ் கூன் பின்னாளில் அறிவியல் வரலாற்றாசிரியராகவே மாறிவிட்டார். ஆனால் அந்தப் பாடம் அறிவியல் படிக்காத மாணவர்களுக்காக வகுக்கப்பட்டது என்பதுதான் எனக்குக் குறை. அறிவியலையே தொழிலாகக் கொள்ளப் போகிறவர்களுக்கு அது வேண்டாமா? வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். பாடப்புத்தகங்கள் கடந்தகாலத்தை இன்றைய முடிவுக்கேற்ப நேர்க்கோடாகத் திருத்தி எழுதுகின்றன என்று சொன்ன அதே கூன், ஆராய்ச்சியாளர்களை உருவாக்க அந்தக் கெடுபிடியான பயிற்சி நன்றாகவே உதவுகிறது என்றும் ஒப்புக்கொண்டார். 1974இல் ஸ்டீபன் பிரஷ் என்ற வரலாற்றாசிரியர், விஞ்ஞானிகள் உண்மையில் நடந்துகொண்ட விதத்தைக் காட்டும் இந்த வரலாற்றுக்கு ‘வயது வந்தோருக்கு மட்டும்’ என்று முத்திரை குத்த வேண்டுமோ என்று பாதி விளையாட்டாகக் கேட்டார். என் மாணவர்கள் வயது வந்தவர்கள்தாம்.

ஷான்லாந்தின் கதையை என் பெரிய மாமாவிடம் சொன்னபோது, அவர் கேட்ட முதல் கேள்வி, “கேமராவை இயக்கியவர் பெயரைச் சொன்னாய், அதைத் தூக்கிச் சுமந்தவர் பெயர் என்ன?” என்பது. மாமா சாலிஸ்பரி தீவில் படித்தவர். 1959இல் ‘பல்கலைக்கழகக் கல்வி விரிவாக்கச் சட்டம்’ என்ற பெயரில் ஒரு சட்டம் வந்தது. பெயர் விரிவாக்கம், செய்தது கதவடைப்பு. அதன்படி இந்தியருக்கென்று தனியாக ஒரு கல்லூரி, டர்பன் துறைமுகத்துத் தீவிலிருந்த பழைய கடற்படைக் குடியிருப்பில் 1961இல் திறக்கப்பட்டது. மாணவர்கள் படகில் போய்ப் படகில் திரும்பினார்கள். 1972இல் அது வெஸ்ட்வில்லுக்கு இடம்பெயர்ந்து, 2004இல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இந்த நாட்டில் யார் எந்த ஆய்வகத்துக்குள் நுழையலாம் என்பதைத் தோல் நிறம் தீர்மானித்தது என்ற செய்தியும் இயற்பியலின் வரலாறுதான். அதை விட்டுவிட்டு ஷான்லாந்தை மட்டும் சொன்னால், நானும் ஒரு சாம்பல் பெட்டியை நிரப்பியவனாவேன்.

ஆனால் இங்கே நாமும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஹாமில்டன் நாகி என்பவர் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் தோட்டக்காரராகச் சேர்ந்து, ஓர் ஒட்டகச்சிவிங்கியை மயக்கமூட்டும் வேலைக்கு உதவியாக அழைக்கப்பட்டு, பின்பு விலங்கு ஆய்வகத்தில் உறுப்பு மாற்று அறுவையில் தேர்ந்து, மருத்துவர்களுக்கே அதைக் கற்பித்தவர். 2003இல் அவருக்குக் கௌரவப் பட்டம் கிடைத்தது. அவர் 2005இல் இறந்தபோது, 1967இல் கிறிஸ்டியான் பர்னார்டு செய்த முதல் மனித இதய மாற்று அறுவையிலும் அவர் கத்தி பிடித்தார் என்று வெளிநாட்டு ஏடுகள் எழுதின. பிறகு அது உண்மையல்ல என்று திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. உண்மையே போதுமான அளவு வியப்பாக இருக்கும்போது அதற்கு மேல் ஏன் மெருகு? நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து சேரும் ‘அணுவை அன்றே பிளந்த முன்னோர்’ வகைச் செய்திகளைப் பகிர்வோரும் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

நேரமில்லை என்பதே சக ஆசிரியர்கள் சொல்லும் தடை. உண்மைதான், பாடத்திட்டம் பிதுங்குகிறது. அதனால்தான் அறிவியல் வரலாற்றைத் தனித் தாளாக, விரும்பினால் எடுத்துக்கொள்ளும் பாடமாக வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. அப்படி வைத்தால் ஏற்கெனவே ஆர்வமுள்ள பத்துப் பேர்தான் வருவார்கள். ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு சோதனை, அதன் பழைய அளவீடுகளோடு, செய்முறை வகுப்புக்குள்ளேயே வந்தால் போதும். அடுத்த பருவத்துக்கு ஆலன் கார்மாக்கை எடுத்திருக்கிறேன். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, கேப் டவுனில் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்த அவர், 1956இல் குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் வாரத்துக்கு ஒன்றரை நாள் கதிரியக்கப் பொருட்களைக் கவனிக்கும் வேலைக்குப் போய், அங்கே எழுந்த ஒரு கணக்கிலிருந்து சிடி ஸ்கேனின் கணிதத்தை அடைந்து, 1979இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

அதற்கடுத்த பருவத்துக்குச் சாலிஸ்பரி தீவை எடுக்க ஆசை. 1961க்கும் 1972க்கும் இடையில் அங்கே அறிவியல் படித்த அப்பாவோ அத்தையோ உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களுடைய செய்முறைக் குறிப்பேடுகள் ஏதேனும் பரணில் கிடக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லுங்கள். மாமாவுடையது 1987 வெள்ளத்தில் போய்விட்டது.