புபன்பெர்க் குடும்பம் மறைந்தது புரட்சியால் அல்ல
சுவிஸ் நகரங்களின் பழைய ஆளும் பிரபுக் குடும்பங்களை 1798இல் பிரெஞ்சுப் படை நுழைந்து வந்த புரட்சிதான் அழித்தது என்று இங்கே வெளியான கட்டுரையின் ஆசிரியர் எழுதுவது, அவரே உதாரணமாகப் பட்டியலிடும் பெர்ன் நகரின் புகழ்பெற்ற புபன்பெர்க் குடும்பத்துக்குச் சற்றும் பொருந்தவில்லை. 1475இல், பர்கண்டி என்ற வலிமைமிக்க அண்டைக் கோமகன் நாட்டுக்கு எதிரான போக்கை ஏற்காததால் நகர அவையிலிருந்து விலக்கப்பட்ட அட்ரியான் ஃபொன் புபன்பெர்க்கையே, அடுத்த ஆண்டு பர்கண்டிக் கோமகன் சார்ல்ஸ் படையெடுத்து வந்தபோது, முர்டன் கோட்டை நகரைக் காக்கும்படி பெர்ன் அழைக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ 2,000 பேருடன் முற்றுகையை அவர் தாங்கி நின்றதால்தான் சுவிஸ் கூட்டமைப்பின் படைகள் திரண்டு வந்து ஜூன் 22 அன்று வெல்ல முடிந்தது. அட்ரியான் 1479இல் இறந்தார், 1506இல் அவருடைய மகனோடு ஆண்வழி அற்றுப்போய்க் குடும்பமே முடிந்தது, அதாவது புரட்சிக்கு முந்நூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலத்துக்கு முன்பே. மாறாக, புபன்பெர்க்குகள் 1338 முதல் வைத்திருந்த ஷ்பீட்ஸ் கோட்டையை 1516இல் பெற்ற எர்லாக் குடும்பம், 1798க்குப் பின்னும் அதை விடாமல் 1875 வரை வைத்திருந்தது. புபன்பெர்க்குகளைப் பிரபுக் குடும்பம் என்றே சொல்லக் கூடாது, நகரப் பதவிகளைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்ட அந்த மூடிய வகுப்பு பின்னால் உருவானது என்று அந்தக் கட்டுரைக்கு ஒரு வாசகர் கருத்து எழுதியிருக்கிறார். அது ஓரளவு சரிதான், ஆனால் பல தலைமுறைகளாக நகரத் தலைவர் பதவியை வகித்தவர்களை அந்தப் பட்டியலில் சேர்த்தவர் கட்டுரையாளரே என்பதால், அவருடைய கூற்றை அவருடைய உதாரணத்தாலேயே சோதிக்கிறேன்.